ஒரு நாள் கூடுதல்

கணினி மொழி ஒன்றின் பொது நூலகத்தில் சின்னச் சின்ன நிரல்கள் குடியிருந்தன. யார் வேண்டுமானாலும் அவற்றை எடுத்துப் பயன்படுத்தலாம், தவறு கண்டால் திருத்தியும் அனுப்பலாம். இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று சொல்வது நாள்கணக்கியின் வேலை. பாவம், அது எப்போதும் ஒரு நாள் கூட்டியே சொல்லிவிடும்.

“பத்து நாள்னா பதினொண்ணுங்கறே. உனக்கு மட்டும் காலண்டரை யாரு தம்பி அச்சடிக்கிறாங்க?” என்று பக்கத்தில் இருந்த, சொற்களை எண்ணித் தரும் சொல்லெண்ணி சீண்டும். நாள்கணக்கி கூனிக்குறுகிப் போகும்.

ஒருநாள் முகம் தெரியாத ஒரு பெண் அந்தப் பிழையைத் திருத்தி அனுப்பினாள். நாள்கணக்கிக்குத் தலைகால் புரியவில்லை.

“இனிமே கேலி பண்ணிப் பாருங்க அண்ணே!”

மறுநாளே புகார்கள் குவிந்தன. அது சொல்லும் விடையில் ஒன்றைக் கழித்துக்கொள்ள உலகமே எப்போதோ பழகியிருந்தது. இப்போது எல்லார் கணக்கிலும் ஒரு நாளைக் காணோம். மாலைக்குள் நூலகத்தார் பழைய பிழையையே திரும்ப வைத்துவிட்டார்கள். நாள்கணக்கிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அழாதே தம்பி. கையேட்டுல உன்னைப் பத்தி ஒரு வரி சேர்த்திருக்காங்க, படிச்சுப் பாரு” என்றது சொல்லெண்ணி.

‘நாள்கணக்கி ஒரு நாள் கூடுதலாகவே எண்ணும். அதுவே முறை.’

நாள்கணக்கி அதை இரண்டு முறை வாசித்தது. மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தது.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க எண்ணும்போது எப்பவும் ஒண்ணு விட்டுப்போகுதே, கவனிச்சிருக்கீங்களா?”