பழைய காற்று

மின்சாரம் போய் ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. வெயில் தாங்காமல் ஊரே ஒன்றாக ஏசியைப் போட்டதில் டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டதாம். ஆய்வகக் காவலாளி மருதப்பன் வந்து சொன்னார்.

ஆய்வாளர் எஸ்தர் உறைபெட்டியைத் திறந்தாள். துருவத்தில் துளையிட்டு எடுத்து வந்த பனித்தண்டுகளில், உருகியதுபோகக் கையளவு துண்டு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த பனி அது. அன்றைய காற்று அதற்குள் சின்னச் சின்னக் குமிழிகளாக அடைபட்டிருந்தது. அதில் கரியமில வாயு எவ்வளவு என்று அளந்து, இன்றைய காற்றின் பக்கத்தில் வைத்துக் காட்டத்தான் அவள் நான்கு வருடம் காத்துக்கிடந்தாள்.

"ஐஸ்தானே மேடம்? கரண்ட் வந்தா மறுபடி உறைஞ்சிடும். இதுக்குப் போய்க் கண்ணு கலங்குறீங்களே!" மருதப்பன் சிரித்தார்.

"தண்ணி உறையும்ணே. காத்து திரும்ப வராது."

அவள் துண்டை எடுத்து அவர் காதருகே நீட்டினாள். கடுகு பொரிவதுபோல் உள்ளே ஏதோ வெடித்துக்கொண்டே இருந்தது. மருதப்பனின் சிரிப்பு அடங்கிவிட்டது.

அடுத்த கட்டடத்து ஜெனரேட்டர் உறுமியது. டீசல் புகை உள்ளே வந்தது. அவர் ஓடிப்போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

"இருக்கிற பழைய காத்தாவது வெளிய போகாம இருக்கட்டும் மேடம்."

புழுக்கத்தில் இருவரும் அசையாமல் நின்றார்கள். பனித்துண்டின் வெடிப்புச் சத்தம் குறைந்து, நின்றும் போனது. அவள் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இப்பத் திறக்கலாமா?" என்றார் மருதப்பன்.

உள்ளே இழுத்த மூச்சை எஸ்தர் இன்னும் விடவில்லை.