இரண்டு கால்குலேட்டர்

பெட்டியின் ஓரத்தில் சீல் நேராக இல்லை.

ஒரு நூல் அளவுதான் விலகல். யாரோ சூடு காட்டி உரித்து, மறுபடியும் ஒட்டியிருக்கிறார்கள்.

அவள் விரல் அங்கேயே நின்றது.

"சும்மா பிரிச்சுப் பாரு," என்றான் கதிரேசன். இன்னும் பத்தொன்பது நாளில் அவளுக்குக் கணவன் ஆகப்போகிறவன்.

டீப்பாயில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் புத்தகம் போல மடிக்கும் போன். இன்னொன்றில் நடுத்தர விலையில் ஒரு சாதா போன். நிச்சயம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணுக்கு போன் வாங்கித் தருவது இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டது. கதிரேசன் ஒருபடி மேலே போய் இரண்டாக வாங்கி வந்திருந்தான். பிடித்தது அவளுக்கு. மிச்சம் அவன் தங்கைக்கு.

"மடிக்கிறதுக்கு அது என்ன வெத்தலையா?" என்றார் சோபாவிலிருந்து அவன் அம்மா.

அவளுடைய அப்பா சத்தமாகச் சிரித்தார். சம்பந்தியம்மா சொன்னால் சிரித்துத்தான் ஆகவேண்டும்.

அவள் மடிக்கும் போனை வெளியே எடுத்தாள். விரித்தாள்.

புதுக் கீல் விறைப்பாக இருக்கும். இது பழகிய கதவு மாதிரி திறந்தது.

புது போன் முதலில் கேட்பது போல எந்த மொழி வேண்டும் என்று அது கேட்கவில்லை. நேராக உள்ளே விட்டது.

சார்ஜ் தொண்ணூற்று மூன்று. புதுசு பாதி சார்ஜோடுதான் வரும்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சர்வீஸ் சென்டரில் ஆறு வருடமாக போனைக் கழற்றி மாட்டுவதுதான் அவள் பிழைப்பு. ஜாதகத்தோடு கொடுத்த தாளில் அப்பா அதை எழுதவில்லை. பொம்பளைப் பிள்ளை ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறாள் என்று எழுதினால் எவன் வருவான்? 'தனியார் நிறுவனத்தில் பணி' என்று எழுதினார். மொபைல் கம்பெனி என்றார் தரகர். ஏசி ரூமில் உட்கார்ந்து பில் போடுகிற பெண் என்று மாப்பிள்ளை வீட்டில் முடிவு செய்துகொண்டார்கள்.

கதிரேசன் அதற்கு மேல் கேட்டதே இல்லை.

அவள் திரையை மேலே தள்ளினாள்.

கேமரா. கடிகாரம். காலண்டர். கால்குலேட்டர்.

இன்னொரு கால்குலேட்டர்.



சர்வீஸ் சென்டருக்கு மாதத்துக்கு இரண்டு பெண்களாவது வருவார்கள். 'சும்மா இருந்தாலே சூடாகுதுக்கா, சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது.' திறந்து பார்த்தால் இரண்டு கால்குலேட்டர் இருக்கும். ஒன்று கணக்குப் போடும். மற்றது, எங்கே போனாள், யாரிடம் பேசினாள், என்ன எழுதினாள் என்று அத்தனையையும் இன்னொருவர் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். யார் போனுக்கு என்று அவள் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் வந்ததில்லை. அந்தப் பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குத்தான் போவார்கள்.

அவள் இரண்டாவதை அழுத்திப் பிடித்தாள்.

இருப்பிடம், மைக், மெசேஜ், படங்கள். எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தாகிவிட்டது. ஏற்றிய தேதி, போன ஞாயிறு.

போன ஞாயிறுதான் கதிரேசன் கூப்பிட்டு, அவளுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டான். ரொம்ப நேரம் கேட்டான்.

"என்ன, பிடிச்சிருக்கா?"

ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஒன்றே ஒன்று.

"இதை முன்னாடியே யாராச்சும் ஓப்பன் பண்ணாங்களா?"

"சேச்சே. கடையில குடுத்ததை அப்படியே கொண்டாந்தேன்."

கண் இமைக்கவில்லை. குரல் தடுமாறவில்லை. அடுத்த வாய் மிக்சரை அள்ளிப் போட்டுக்கொண்டான்.

பொய் சொல்கிறவனுக்குக் கொஞ்சமாவது வேர்க்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அவனுக்கு வேர்க்கவில்லை.

போனை மடித்தாள்.

டப்.

சாதா போன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். அதில் சீல் நேராக இருந்தது. நகத்தால் நெருடிப் பார்த்தாள். யார் கையும் படாத சீல்.

ஒருவேளை இதை எடுத்துக்கொண்டு, கண்டதை மறந்துவிடலாம். புதுசில் எல்லோருக்கும் கொஞ்சம் சந்தேகம் இருக்கும். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்.

சர்வீஸ் சென்டருக்கு வரும் பெண்களும் இதையேதான் சொல்வார்கள்.

"எனக்கு இது போதும்ங்க."

அவன் முகத்தில் ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு சிரிப்பு வந்தது. கையை நீட்டினான்.

"சரி, அதைக் குடு. ரெண்டு நாள்ல நானே எல்லாம் போட்டு ரெடி பண்ணித் தர்றேன். உனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது."

"அவன் பாத்துக்குவான், குடும்மா," என்றார் அவன் அம்மா.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. விரல்கள் லேசாக அசைந்தன.

அவள் சாதா போன் பெட்டியை அந்தக் கையில் வைத்தாள்.

மடிக்கும் போனை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

கதிரேசன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டையும் ஏன் தருகிறாள் என்பது போல. அவள் எழுந்துவிட்டிருந்தாள்.

"அப்பா, கல்யாணப் பத்திரிகை இன்னும் எத்தனை பேருக்குக் குடுக்கணும்?"

"பாதிக்கு மேல கிடக்கேம்மா. நாளைக்குக் காலையிலதான் மதுரைப் பக்கம் கிளம்பணும். ஏன்?"

அவள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கிளம்ப வேண்டாம்ப்பா," என்றாள்.