துப்பறிவாளர் செய்தது தப்பு

பெர்சிஸ் தேநீர்க் கோப்பையை நீட்டினாள். எதிரே லான்மடாவ் வார்டு ஆபீஸ் சிங்கராயர். பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்க, வீட்டுப் பிள்ளைகளின் பெயர் எழுதிக் கொடுப்பவர் அவர்தான். இரவல் வாங்கிய இங்கிலீஷ் துப்பறியும் கதையைத் திருப்பித் தர வந்தவர், எழுந்திருக்கிற வழியைக் காணோம்.

“குத்தவாளியைக் கண்டுபிடிச்சிட்டு, கடைசியில போகட்டும்னு விட்டுடறாரே துப்பறிவாளர்! அது தப்பு தங்கச்சி.”

“மனசு கேட்டிருக்காதுண்ணே.”

“மனசு கேக்கலைன்னா வேலையை விட்டுடணும். சட்டம்னா சட்டம்தான்.” கோப்பையைக் கீழே வைத்தார். “ஒம் மகன் ஜோதி பாங்காக்லேருந்து பேசறானா?”

“நேத்துகூடப் பேசினான்.” பெர்சிஸ் சட்டென்று கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

“தனியா இருக்கியேன்னுதான் கேட்டேன்.”

ஒருவழியாக எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டியவர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

“தங்கச்சி,” என்றார் தணிந்த குரலில். “பாங்காக்ல இருக்கிறவன் செருப்புல லான்மடாவ் சேறு இன்னும் காயலை. நாளைக்கு எங்க ஆபீஸ் ஆளுங்க வீடுவீடா வர்றாங்க. எடுத்து உள்ள வை.”

படியிறங்கியவர், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

“என்ன இருந்தாலும் அந்தத் துப்பறிவாளர் செஞ்சது தப்புதான்!”