காலிக் கட்டம்

பச்சைக் கார் வேலியோரம் வந்து நின்று ஹாரன் அடித்ததும், வெண்டல் கையைத் தூக்கிப் பொடியன்களின் பேஸ்பால் ஆட்டத்தை நிறுத்தினார்.

வழக்கமான நடுவர் வரவில்லை. இரு தரப்பும் சேர்ந்து இவர் தலையில் முகமூடியை மாட்டிவிட்டிருந்தார்கள்.

எம்மெட் கையுறையைக் கழற்றிக்கொண்டே காருக்கு ஓடினான். ஓட்டிவந்தவள் இறங்கவில்லை.

சனி, ஞாயிறு அப்பாவிடம். ஞாயிறு மாலை ஆறு மணியிலிருந்து அம்மாவிடம். கோர்ட் சொன்னது அவ்வளவுதான். ஆட்டம் முடியட்டும் என்று அதில் எங்கும் இல்லை.

கார் மக்காச்சோளக் காட்டைத் தாண்டி மறைந்தது. நெப்ராஸ்கா வெயில் மட்டும் போவதாக இல்லை.

"ஆடுங்கப்பா" என்றார் வெண்டல்.

கடைசிச் சுற்று. எம்மெட்டின் மஞ்சள் சட்டை அணி ஒரே ஓட்டம் பின்தங்கியிருந்தது. மூன்றாம் தளத்தில் ஒருவன் ஓடிவரத் துடித்துக்கொண்டிருந்தான்; அவன் வந்து சேர்ந்தால் கணக்கு சமம். இரண்டு அவுட் ஆகிவிட்டது, இன்னொன்று விழுந்தால் கதை முடிந்தது.

அடுத்து அடிக்க வேண்டியவன் எம்மெட். அவன் நிற்க வேண்டிய கட்டம் காலியாகக் கிடந்தது.

பக்கத்து ஊர் லீக்கில் என்றால் அடுத்த பையனைக் கூப்பிட்டுவிடுவார்கள். இந்த லீக்கின் விதி வேறு. அடிபட்டோ உடம்புக்கு முடியாமலோ போனவனைத் தாண்டிப் போகலாம். வேறு எதற்காகப் போயிருந்தாலும், அவன் இடம் வரும்போது அவுட்.

மஞ்சள் சட்டைகளின் பயிற்சியாளர் ஹாய்ட், சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டு அருகில் வந்தார்.

"வயித்து வலின்னு சொல்லிடேன், வெண்டல். அந்த டீம்காரனே சரிங்கிறான். எவன் கேக்கப் போறான்?"

"வயித்து வலி இல்லியே."

"கல்லு மனசுய்யா உனக்கு!"

வெண்டலுக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

காலிக் கட்டத்தைப் பார்த்து முஷ்டியை உயர்த்தினார்.

"அவுட்."

மஞ்சள் சட்டையில் ஒருவன் தொப்பியைத் தரையில் அடித்துவிட்டு அழுதான். பெரியவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் நாற்காலிகளை மடக்கினார்கள்.

எல்லோரும் போன பிறகு காருக்குள் போய் உட்கார்ந்தார். பாதி குடித்த ஆரஞ்சுப் பான பாட்டில் பின் சீட்டில் உருண்டு கிடந்தது. போன் அதிர்ந்தது. எம்மெட் செய்தி அனுப்பியிருந்தான்.

"அப்பா, ஜெயிச்சோமா? எனக்கு பேட் பண்ற சான்ஸ் வந்துச்சா?"



வெண்டல் "வரலடா" என்று அனுப்பினார்.