சரியான வேகம்

பருத்தி மில் சங்கத்தின் பழைய பாட்டுத் தட்டுகளை டுவெய்ன் சீர்செய்துகொண்டிருந்தான். ஆர்லீட்டா உள்ளே வந்தாள்.

"உங்கம்மா பாடினது தயார், மிஸ் ஆர்லீட்டா. கேக்குறீங்களா?"

"வேண்டாம் தம்பி. மறியல்ல நின்ன ஊருக்கெல்லாம் பாடியிருக்கா. எனக்கு ஒரு தாலாட்டு பாடினதில்ல. பாடச் சொன்னா எழுந்து போயிடுவா. அவ செத்தும் எனக்குக் கோபம் தீரல."

"பாடினது அவங்கதானா?"

"உறையில எங்க குடும்பப் பேர் இருக்கே! வேற யாரு?"

"பதிவு பண்ணப்போ தட்டு வேகமா சுத்தியிருக்கு. நாமதான் இத்தனை வருஷமா மெதுவா ஓடவிட்டுக் கேட்டிருக்கோம், அதான் குரல் கனமாக் கேட்டிருக்கு. இப்ப கேளுங்க."

அதே வேலைநிறுத்தப் பாட்டு. ஆனால் ஊரறிந்த அந்தக் கனத்த பெண்குரல் இல்லை. பத்துப் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி தொண்டை கிழியப் பாடினாள். பாட்டு முடிந்ததும், இதுவரை கீறல் சத்தத்தில் மறைந்திருந்த இன்னொரு குரல் கேட்டது.

"மூச்சு வாங்குது பாரு, நோவெல்லா. தண்ணி குடிடி கண்ணு."

ஆர்லீட்டா மேசையைப் பற்றிக்கொண்டாள்.

"தண்ணி குடிக்கச் சொல்றதுதான் எங்கம்மா."

"அப்ப நோவெல்லா?"

"என் அக்கா. மில்லுல அறுந்த நூலை முடிச்சுப் போடுற வேலை பாத்தவ. மறியல்ல கம்பெனி ஆளுங்க சுட்டதுல போயிட்டா. நான் அப்ப கைக்குழந்தை. எல்லாம் ஊர்க்காரங்க சொல்லித்தான் தெரியும். அம்மா கடைசிவரைக்கும் அவ பேரைக்கூட வீட்டுல எடுத்ததில்ல."

டுவெய்ன் கருவியை நிறுத்தப் போனான். அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"அம்மா 'கண்ணு'ன்னு சொல்றாளே... அதை மட்டும் இன்னொரு தடவை போடு, தம்பி."