மூக்கில் அடைத்த களிமண்

"என் ராக்கெட் மூக்குக்குள்ள களிமண்ணை அடைச்சது யாரு?"

மைதானத்தின் நடுவில் நின்று கேட்டார் பல் டாக்டர். கையில் அவருடைய ராக்கெட்டின் மூக்குக் கூம்பு. பாராசூட்டில் இறங்கும்போது கல்லில் மோதி விரிசல் விட்டிருந்தது. உள்ளே ஓர் உருண்டைக் களிமண்.

மாடல் ராக்கெட் கிளப்பின் உயரப் போட்டி அப்போதுதான் முடிந்திருந்தது. டாக்டருக்கு இரண்டாம் இடம். முதலிடம், வழக்கம்போல, அவர் மனைவியின் தம்பிக்கு.

அந்த 'வழக்கம்போல'தான் டாக்டருக்கு ஆகவே ஆகாது. மச்சினன் கடையில் பாகங்களை வாங்கி ஒட்டிப் பறக்கவிடுகிற ஆள். டாக்டர் அப்படியா? பல் செட்டு செய்கிற பிரிண்டரிலேயே மூக்குக் கூம்பை முட்டை ஓடு மாதிரி மெல்லிசாகச் செய்திருந்தார். காற்றைத் தடுக்கும் என்று வால் இறக்கைகளை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துச் சின்னதாக்கினார். மோட்டார் மட்டும், கடையில் இருந்ததிலேயே பெரிசு. மூக்கில் எடையைக் குறை, வாலில் வேகத்தைக் கூட்டு, இவ்வளவுதானே விஷயம் என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார்.

கிளினிக் அலமாரியில் கோப்பைக்கு இடம்கூட ஒதுக்கியாயிற்று. வாயைப் பிளந்து படுத்திருக்கும் நோயாளிகள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். பதில் சொல்லத்தான் முடியாது, பாவம்.

மனைவி மட்டும் ஒருநாள் கேட்டாள், கிளப்பில் செய்வதுபோல ராக்கெட்டை நூலில் கட்டிச் சுற்றிப் பார்த்தீர்களா என்று. பாராசூட்டை மடித்துக் கொடுப்பதோடு உன் வேலையை நிறுத்திக்கொள் என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது அவர் போட்ட சத்தத்தில் கிளப்பே கூடிவிட்டது. கனத்தை ஏற்றித் தன்னைக் கவிழ்த்திருக்கிறார்கள் என்றார். இதைச் செய்த கை விளங்காது என்றார். ராக்கெட்டுகள் எல்லாம் மச்சினன் காரில்தான் வந்தன என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

எல்லோரும் மச்சினனைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற டாக்டரின் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மச்சினன் அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு முந்திக்கொண்டான்.

"நான்தான் மாமா வச்சேன்."

அடப்பாவி என்றது கூட்டம்.

"கேட்டுக்கோங்க. சொந்த அக்கா புருஷனுக்கே குழி பறிச்சிருக்கான்" என்றார் டாக்டர். குரலில் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் கூடுதலாக இருந்தது.

நடுவராக இருந்தவர் ஒரு பிசிக்ஸ் டீச்சர். அடுத்தவர் ராக்கெட்டில் கை வைத்தால் போட்டியை விட்டு வெளியே, அதுதான் விதி. உனக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மச்சினனிடம் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு அவன் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தான். அது டாக்டர் கைக்கு வந்தது.

அத்தோடு வீட்டைப் பார்த்துப் போயிருக்கலாம். ஆசை யாரை விட்டது? களிமண் இல்லாமல் தன் ராக்கெட் எவ்வளவு உயரம் போகும் என்று இத்தனை பேரும் பார்க்க வேண்டாமா என்றார். அதே மாதிரி செய்த இன்னொரு கூம்பு பையில் இருந்தது. அதை மாட்டி, புது மோட்டாரையும் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

"நூல் கட்டிச் சுத்திப் பார்த்துட்டீங்கல்ல?" டீச்சர் கேட்டார்.

"அதெல்லாம் பார்த்தாச்சு."

காலையிலும் இதையேதான் சொல்லியிருந்தார். டாக்டராயிற்றே என்று நம்பிவிட்டார்கள். இந்தத் தடவை டீச்சர், எதற்கும் இருக்கட்டும் என்று ராக்கெட்டை வாங்கி, எடை சமமாக நிற்கிற இடத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேலே சுற்றினார். ஒழுங்கான ராக்கெட் என்றால் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு சுற்ற வேண்டும்.

இது வாலை நீட்டிக்கொண்டு சுற்றியது.

நூலைச் சரியாகக் கட்டுங்கள் என்றார் டாக்டர். கட்டினார்கள். மறுபடியும் வால்தான் முன்னால் வந்தது. டீச்சர் உடைந்த கூம்பிலிருந்த களிமண்ணை எடுத்துப் புதுக் கூம்புக்குள் வைத்து, நூலை மாற்றிக் கட்டிச் சுற்றினார். சமர்த்தாக மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு போயிற்று.

"மூக்கு லேசு, பின்பக்கம் கனம், இறக்கையும் போதாது. களிமண் மட்டும் இல்லேன்னா இது காலையில மேலேயே போயிருக்காது டாக்டர். கிளம்பின வேகத்துல கவிழ்ந்து, எந்தப் பக்கம் பாய்ஞ்சிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் குழந்தைகள் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தார்கள். டாக்டர் அவர்களைப் பார்த்தார்.

பிறகு நேராக மச்சினனிடம் போய்க் கோப்பையை நீட்டினார்.

"மன்னிச்சுக்கோப்பா. இது உன்னுது. நான் அவ்வளவு பேசினேனே, நல்லதுக்குத்தான் வச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மச்சினன் கோப்பையை வாங்கினான். வாங்கி, அக்காவின் கையில் கொடுத்தான்.

"களிமண்ணை வச்சது அக்கா, மாமா. நீங்க போட்ட சத்தத்துல, இத்தனை பேர் முன்னால அவளை உங்ககிட்ட மாட்டிவிட எனக்கு மனசு வரல."