ஈர மாடி

இன்றைக்கும் மாடி முழுக்கத் தண்ணீர்.

சரஸ்வதியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யார், கீழே எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்தில் பெருங்காயம் பாக்கெட் போடுகிற தாணுவின் வேலைதான். தலைக்கு மேலே பிள்ளைகள் குதிப்பது அந்த மனுஷருக்கு ஆகாது. முதல் நாளே வீட்டுக்காரர் அழகியநம்பியிடம் போய், கூரை இடிஞ்சு விழும் என்று பிராது வைத்தவராச்சே.

ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கிறவர்களின் பெண்பிள்ளைகள். டான்ஸ் கிளாஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாத வீடுகள். கரமனை அக்ரகாரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, காசு வாங்காமல் பரதம் சொல்லித்தருகிறாள் சரஸ்வதியம்மாள். மொட்டை மாடியை அழகியநம்பி வாடகை வாங்காமல் சும்மா விட்டார். நேரம்தான் வாய்க்கவில்லை, மீன மாசத்துப் பங்குனி வெயில், மதியம் மூன்று மணி. சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் பிள்ளைகள் குடத்தோடு போயாகணும்.

ஆனாலும் அந்த மாடி ஒரு சொப்பனம். லாரிச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். சுக்கு வாசனை மிதந்து வரும். வெயிலில் கோயில் கோபுரம் லேசாக அசைகிற மாதிரி தெரியும். படிக்கட்டு ரூமின் நிழலில் பலகை போட்டு உட்கார்ந்து, கட்டையைத் தட்டித் தட்டிச் சொல்கட்டுச் சொல்லுவாள். இருப்பது ஆரியசாலையா கயிலாயமா என்று அவளுக்கே மறந்துபோகும்.

அந்தச் சொப்பனத்தில்தான் நேற்று பொன்செல்வி ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் இன்று அவளைக் காணோம். நாளைக்கு இன்னொருத்தி நின்றுவிடுவாள். அப்புறம் கிளாஸ் ஏது?

நேரே தாணுவிடம் போனாள். "ஏன் இப்படிப் பண்றேள்?"

தாணு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உக்காந்து சொல்லிக்குடுக்கியவங்களுக்கு என்ன தெரியும்?"

என்ன திமிர். அழகியநம்பியிடம் சொல்லி, மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் அவளுக்கு மனசு ஆறியது.

மறுநாள் மாடி காய்ந்து கிடந்தது.

கட்டையைத் தட்டினாள். அடடா, பிள்ளைகள் என்னமாய் ஆடினார்கள்! இத்தனை நாள் வராத வேகம். பாதம் தரையில் பட்டதும் தெரியவில்லை, எழும்பியதும் தெரியவில்லை. சரஸ்வதியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சனியன் ஒழிஞ்சது, இனிமே வித்தை தானா வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

இசக்கிசெல்வியின் கை மட்டும் கொஞ்சம் கோணியிருந்தது. திருத்தலாமென்று பலகையை விட்டு எழுந்து, முதல் தடவையாக நிழலைத் தாண்டிக் கால் வைத்தாள்.

வைத்த காலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். உள்ளங்கால் தீய்ந்துவிட்டது.

"இதிலயாடி ஆடிண்டிருந்தேள்? எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"டீச்சர் சும்மாதானே சொல்லித்தாறீங்க. குறை சொல்லப்பிடாதுன்னு அம்மை சொன்னா."

இசக்கிசெல்வி நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"தாணு மாமன் தண்ணி ஊத்தி வச்சா சுடாது, டீச்சரே. இன்னைக்கு யாரோ மாடியப் பூட்டிட்டாவ."